‘கேப்பிடலிசம்: எ லவ் ஸ்டோரி’ – 14 வயதுப் பிள்ளைக்குக் காட்டலாமா?

கேள்வி – யாங்கோன் தாய்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க இயக்குநர் மைக்கேல் மூர் முதலாளித்துவத்தைச் சாடி 2009இல் எடுத்த ‘கேப்பிடலிசம்: எ லவ் ஸ்டோரி’ என்ற ஆவணப்படத்தைப் பற்றி, அதைப் பார்த்தவர்களிடமும் பிள்ளைகளை வளர்ப்பவர்களிடமும் கருத்துக் கேட்க விரும்புகிறேன். சிங்கப்பூரில் படிக்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது அதன் சில பகுதிகளைக் கைப்பேசியில் என் மகனுக்குக் காட்டியிருக்கிறான். மகனுக்கு வயது 14. அன்றிலிருந்து முழுப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று என்னை நச்சரித்துக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் இதற்கு ‘ஆர்’ சான்று கொடுத்திருக்கிறார்கள். 17 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரோ பெரியவரோ உடனில்லாமல் திரையரங்கில் பார்க்க முடியாது. அதனால் அவனுக்கு முன்னால் நானே உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

சான்றுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டவை வசைச் சொற்கள் மட்டுமே. பள்ளிக்கூட வாசலில் அவன் காதில் விழாத சொல் ஒன்றும் அதில் இல்லை என்பது என் கணிப்பு. என்னை யோசிக்க வைத்தவை வேறு. இலினாய் மாநிலத்துப் பியோரியாவில், கடனைக் கட்ட முடியாமல் வீட்டைப் பறிகொடுத்த ஒரு கணவனும் மனைவியும், தாங்கள் வாழ்ந்த அதே வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்து கொடுப்பதற்கு 1,000 டாலர் கூலி பெறுகிறார்கள். அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஊழியருக்குத் தெரியாமலே அவருடைய உயிரின்மீது நிறுவனம் காப்பீடு எடுத்து, அவர் இறந்தபின் தொகையைத் தானே வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிய பகுதியில், இறந்தவர்களின் குடும்பத்தார் கேமராவுக்கு முன்னால் உடைந்து போகிறார்கள். பாதிரியார்கள் வந்து, இந்தப் பொருளாதார முறையே பாவம் என்கிறார்கள். முடிவில் மூரும், தீமையைச் சட்டம் போட்டுத் திருத்த முடியாது, அகற்றத்தான் வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

என் கணவர் நகரத்தில் ஒரு சிறிய இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். நான்கு பேர் வேலை செய்கிறார்கள். மாமனாருடைய கடை 1964இல் அரசுடைமையாக்கப்பட்ட கதையைக் கேட்டுத்தான் மகன் வளர்ந்திருக்கிறான். கைப்பேசியில் பார்த்த துண்டுகளை வைத்துக்கொண்டு, கடையில் வேலை செய்யும் அண்ணன்மாருக்கு நாமும் இப்படித்தான் செய்கிறோமா என்று அவன் அப்பாவிடம் கேட்டிருக்கிறான். அவர் கோபப்படவில்லை, ஆனால் பதிலும் சொல்லவில்லை. இந்தப் படம் நியாயமாக எடுக்கப்பட்டதுதானா, இந்த வயதில் காட்டலாமா, காட்டுவதென்றால் எதை முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – தாம்வே தந்தை

சகோதரிக்கு வணக்கம். என் மூத்த மகளுடன் இந்தப் படத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அப்போது அவளுக்கு வயது 16. உங்கள் மகனுக்குத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தை ஒரே மூச்சில் காட்டாதீர்கள். மூர் ஒரு துயரத்தைக் காட்டி முடிப்பதற்குள் ஒரு கேலியை எடுத்து வீசுவார்; அந்தக் கேலிக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்த துயரம் வந்து நிற்கும். பெரியவர்களுக்கே இடையில் நின்று யோசிக்க அவகாசம் கிடைப்பதில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, மறுநாள் மீதியைப் பாருங்கள். வீட்டில் அண்மையில் யாரேனும் தவறியிருந்தால் அந்தக் காப்பீட்டுப் பகுதியை மட்டும் தள்ளிவிடுங்கள்.

உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் பயன்படக்கூடியது பென்சில்வேனியா மாநிலம் லூசெர்ன் கவுண்டியைப் பற்றிய பகுதி என்று நினைக்கிறேன். அரசு நடத்திவந்த சிறார் காப்பகத்தை மூடிவிட்டு, தனியார் கட்டிய காப்பகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்தக் காப்பகத்தோடு தொடர்புடையவர்களிடமிருந்து இரண்டு நீதிபதிகள் 20 லட்சம் டாலருக்கு மேல் பெற்றிருந்தார்கள். பள்ளித் துணை முதல்வரைக் கிண்டல் செய்து இணையத்தில் ஒரு பக்கம் உருவாக்கியதற்காக ஒரு பெண்பிள்ளையை அடைத்தார்கள். அந்தப் பிள்ளைகளே வந்து பேசுகிறார்கள் என்பதால், என் மகள் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். படம் முடிந்தபின் நடந்தவற்றையும் அவனுக்குச் சொல்லுங்கள்: மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஆயிரக்கணக்கான சிறார் தீர்ப்புகளை ரத்து செய்தது, அவர்களைத் தண்டித்து அனுப்பிய சிறார் நீதிமன்ற நீதிபதிக்கு 2011இல் 28 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. படத்தை மட்டும் பார்க்கும் பிள்ளை, அக்கிரமம் அப்படியே நிலைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும்.

அந்தப் பகுதி முடிந்ததும் மகள் கேட்டாள்: நீதிபதி அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்தானே, அவர் லஞ்சம் வாங்கியது எப்படி முதலாளித்துவத்தின் குற்றமாகும்? மூர் இந்தக் கேள்வியைக் கிட்டவே வரவிடுவதில்லை. நான் உடனே பதில் சொல்லாமல், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், இருவரையும் கண்காணிக்க வேண்டியவர் யார் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். மூன்றாவது வரிக்குத்தான் அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

பதில் – திரைப்பட ஆர்வலர், மாண்டலே

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இது நியாயமாக எடுக்கப்பட்ட படம் அல்ல. நியாயமாக எடுக்கப்பட்டது என்று மூரும் பாவனை செய்வதில்லை. எதிர்த்தரப்பை அவர் படத்துக்குள் அழைப்பது பெரும்பாலும் பரிகசிப்பதற்காகத்தான். ஏசுவைப் பற்றிய பழைய படம் ஒன்றின் காட்சியை எடுத்து, நோயாளிக்கு ஏற்கெனவே அந்த நோய் இருந்ததால் குணப்படுத்த இயலாது என்று ஏசு கைவிரிப்பதுபோலக் குரல் மாற்றிச் சேர்த்திருக்கிறார். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் அன்றாடம் சொல்லிவந்த காரணம் அது என்பது தெரியாத நம் பிள்ளைகளுக்கு அந்தக் கிண்டல் புரியாது. சாமியைக் கேலி செய்கிறார் என்றுதான் தோன்றும். வால் ஸ்ட்ரீட் கட்டடங்களைச் சுற்றிக் குற்றம் நடந்த இடத்தில் கட்டும் மஞ்சள் நாடாவைக் கட்டுவதும், மக்களின் பணத்தைத் திருப்பிக் கொடு என்று சாக்குப் பையோடு வங்கி வாசலில் நிற்பதும் சிரிக்க வைக்கும் காட்சிகள்தான். ஆனால் அவர் அதட்டி மறிப்பது வாசல் காவலரை. அவரும் மாதச் சம்பளக்காரர். இதே குறையை 1989இல் வெளிவந்த அவருடைய முதல் படத்திலும் விமரிசகர்கள் கண்டார்கள்; அதில் நிகழ்ச்சிகளின் காலவரிசையையே மாற்றி அடுக்கியிருந்தார் என்ற குற்றச்சாட்டு அன்றைக்கே எழுந்தது.

எனக்குப் பெரிய ஏமாற்றம் தந்தது வேறொரு இடம். டெரிவேட்டிவ் என்றால் என்ன என்று விளக்கச் சொல்லி, விவரமறிந்தவர்கள் தடுமாறுவதைக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். புரியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். ஆனால் 14 வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி அதைச் சொல்ல முடியும். முன்பெல்லாம் வீட்டுக் கடன் கொடுத்த வங்கி, கடன் தீரும்வரை அதைத் தன் கணக்கில் வைத்திருந்தது. அதனால் வாங்குகிறவருக்குத் திருப்பிக் கட்ட வக்கு இருக்கிறதா என்று துருவிப் பார்த்தது. பின்னர் ஆயிரக்கணக்கான கடன்களை மூட்டையாகக் கட்டி வேறொருவருக்கு விற்றுவிடும் வழக்கம் பெருகியது. விற்றபின் கடன் வந்தால் என்ன, மூழ்கினால் என்ன. கொடுத்தவருக்குத் தரகு வந்து சேர்ந்துவிட்டது. அந்த மூட்டைகள் தேறும், தேறாது என்று பந்தயம் கட்டும் டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களும் விற்கப்பட்டன. 2009இல் மட்டும் 28 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துகள்மீது ஜப்தி நடவடிக்கை அறிவிப்பு வந்ததற்கு இது ஒரு முக்கிய வேர். இதைச் சொல்லாமல், பேராசை பிடித்தவர்கள் திருடிவிட்டார்கள் என்று மட்டும் சொல்வதால், நல்லவர்களை வேலைக்கு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணந்தான் பிள்ளையின் மனத்தில் மிஞ்சும். அது மூர் சொல்ல வந்ததற்கே நேர்மாறானது.

வங்கிகளைக் காப்பாற்ற அமெரிக்க அரசு கொண்டுவந்த 70,000 கோடி டாலர் மீட்பு நிதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2008 செப்டம்பர் 29 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை அதைத் தோற்கடித்ததையும், சில நாட்களுக்குள் மீண்டும் கொண்டுவந்து நிறைவேற்றியதையும் அவர் காட்டும் விதம் விறுவிறுப்பானது. ஓஹையோ உறுப்பினர் மார்சி காப்டர் அதில் பேசும் பேச்சு படத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. ஆனால் பணம் போனது போனதுதான் என்ற தொனியில் படம் முடிகிறது. வங்கிகளுக்கான திட்டங்களில் அரசு போட்ட சுமார் 24,500 கோடி டாலர், பின்னாளில் சுமார் 27,500 கோடியாகத் திரும்பி வந்தது. 2009இல் படமெடுத்தவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை; இன்று காட்டுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதில் – ஓய்வுபெற்ற கணக்கர், மோல்மேன்

இதுவரை எழுதிய இருவரும் அமெரிக்காவிலேயே நின்றுவிட்டீர்கள். கடன்பட்டவனுடைய வீடும் நிலமும் கைமாறுகிற கதையைப் பர்மாத் தமிழன் அயலான் கதையாகப் பார்க்க முடியாது. என் தகப்பனார் பெகு மாவட்டத்தில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் ஒரு செட்டியார் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். பேரேடும், சொத்தையும் கடனையும் இரு பக்கமாக எழுதும் ஐந்தொகையும் அவரிடம் கற்றுக்கொண்டவைதான் எனக்குப் பின்னாளில் சோறு போட்டன. அவர் சொன்னவற்றையும் பிறகு நானே படித்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

1930க்குப் பிறகு உலகமெங்கும் விலைகள் சரிந்தபோது நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. விலை உயர்ந்திருந்த நாளில் நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கடனின் ரூபாய்க் கணக்கு குறையவில்லை. அதைக் கட்டுவதற்கு விற்க வேண்டிய நெல்லின் அளவுதான் இரட்டிப்புக்கு மேல் ஆயிற்று. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். கடை நடத்தியவர்கள் இதை விரும்பினார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். உறவினரும் ஊர்க்காரரும் கோவில்களும் போட்டிருந்த பணத்துக்கு வட்டி அனுப்ப வேண்டும். நெல் விளையும் சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு வட்டி அனுப்ப முடியாது. வாங்குவோர் இல்லாத சந்தையில் நிலம் குவியக் குவியக் கடையும் சேர்ந்தே மூழ்கியது. ஈட்டுக் கடனுக்கு அவர்கள் வாங்கிய வட்டி, உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் உழவனுக்கு இதிலெல்லாம் என்ன ஆறுதல் இருக்கிறது? நேற்றுவரை தன்னுடையதாக இருந்த வயலில் அவன் குத்தகைக்காரனாக இறங்கினான். அந்த மனக்கசப்பு, இந்தியர்களுக்கு எதிரான 1938 கலவரத்தில் செட்டியார் வாசலோடு நிற்கவில்லை. சந்தையில் காய்கறி விற்ற தமிழச்சியையும் அது தேடி வந்தது.

பியோரியாத் தம்பதியின் முகத்தைப் பார்த்து அம்மாவுக்குத் தூக்கம் போனதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மூரின் கேமரா எப்போதும் வீட்டுக்குள்ளே, கடன்பட்டவன் பக்கத்தில் நிற்கிறது. அது சரியான இடந்தான். கடன் கொடுத்தவன் பக்கத்திலும் பணப்பெட்டிக்கு அருகில் உட்காரும் ஒரு பெட்டியடிப் பையனும், அவனுக்கு மேல் ஒரு மேலாளும், அவருக்கு மேல் கடல் கடந்து ஒரு முதலாளியும், அவரிடம் பணம் போட்ட ஒரு கைம்பெண்ணும் இருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் குடும்பக் கதையாகவே தெரிந்துகொள்ள முடியும். மாண்டலே நண்பர் சொன்ன மூட்டை வியாபாரத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். செட்டியார் கடையில் கடன் கொடுத்தவரே அதைச் சுமந்தார். அதனால் அவர் கொடுக்கும்போது துருவிப் பார்த்தார், விலை விழுந்தபோது தானும் விழுந்தார். எல்லாரும் யோசித்துக் கொடுத்த கடன்கூட விலைச் சரிவில் இந்தக் கதிக்கு வந்தது என்றால், குற்றம் ஆளிடம் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

அடுத்தது 1964. வங்கிகளை 1963 பிப்ரவரியில் அரசு எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் ரங்கூன் கடைகள் போயின. மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அறுபதுகளில் ஏறத்தாழ 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் கப்பலேறினார்கள். பெரிய வியாபாரி மட்டுமா போனான்? தெருவோரத்தில் வெற்றிலை பாக்கு வைத்திருந்தவனும் போனான். மக்கள் கடை என்ற பெயரில் பலகை ஏறிய இடத்தில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் சீட்டோடு வரிசையில் நின்றோம். 1987 டிசம்பரில், உலகுக்கே அரிசி விற்ற நாடு மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்த அனுபவத்தை மூரின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. அரசு வந்து கடைகளைப் பிடுங்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. விஸ்கான்சினில் ஒரு பொறியியல் நிறுவனத்தையும் கலிபோர்னியாவில் ஒரு ரொட்டி ஆலையையும் காட்டுகிறார். இரண்டும் அங்கே வேலை செய்கிறவர்களுக்கே சொந்தமானவை. அந்தப் பகுதி சில நிமிடங்களில் ஓடி மறைந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். வீடு போன கதைக்கு அரைமணி நேரம் கொடுக்கிறவர், மாற்று வழியின் வரவு செலவுக் கணக்கைத் திறந்து காட்டவில்லை. லாபத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள், நட்டம் வந்தால் யார் தாங்குவது, புதிதாக வருகிறவன் பங்கு வாங்கப் பணத்துக்கு எங்கே போவான்? கணக்கனுக்கு இவையெல்லாம் தெரிந்தாக வேண்டும். தீமையை அகற்று என்று மட்டும் கேட்ட பிள்ளை, தாத்தாவின் கடையை அகற்றியவர்களும் இதே குரலில்தான் பேசினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு படத்துக்கு முன்னால் உட்காரட்டும்.

பதில் – சிரியம் வாசகர்

கணக்கர் ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். அவர் சொல்லும் பர்மாத் தமிழர்களில் எங்கள் குடும்பத்தைக் காணவில்லை. என் பாட்டனார், கூலிக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடனோடுதான் ரங்கூன் துறையில் இறங்கினார். 1927இல் மட்டும் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பேரேடு பிடித்தவர்கள் எத்தனை பேர், மூட்டை பிடித்தவர்கள் எத்தனை பேர்? மேஸ்திரி தன் தரகை எடுத்துக்கொண்டு கொடுத்த மிச்சந்தான் கூலி. பிறகு எங்கள் குடும்பம் செட்டியார் கைக்கு வந்த வயலில் குத்தகைக்கு உழுதது. பர்மிய உழவன் இழந்ததும் நாங்கள் உழுததும் ஒரே வயலாகக்கூட இருந்திருக்கலாம். 1964இல் பறிப்பதற்கு எங்களிடம் கடை ஏதும் இருக்கவில்லை.

ஆகவே என் பார்வையில் இந்தப் படத்தின் உயிர் சிகாகோப் பகுதியில் இருக்கிறது. 2008 டிசம்பரில் ரிபப்ளிக் விண்டோஸ் அண்ட் டோர்ஸ் என்ற ஜன்னல் தொழிற்சாலையை மூடியபோது, சட்டப்படி வரவேண்டிய இழப்பீடும் விடுப்புச் சம்பளமும் இல்லாமல் தொழிலாளர்களை அனுப்பப் பார்த்தார்கள். ஆலைக்குக் கடன் கொடுத்துவந்த வங்கியோ மீட்பு நிதியில் பணம் பெற்றிருந்தது. தொழிலாளர்கள் வெளியேறாமல் உள்ளேயே உட்கார்ந்து, சில நாட்களில் உரியதை வாங்கினார்கள். மூர் தன் சொந்த ஊரான பிளின்டில் 1936–37இல் நடந்த உள்ளிருப்பு வேலைநிறுத்தத்தையும் இதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்; அப்போது அனுப்பப்பட்ட படை தொழிலாளரை அடிப்பதற்காக நிற்கவில்லை என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். மாற்று வழியின் கணக்கைக் காட்டவில்லை என்று ஐயா கேட்கிறார். படம் வந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தச் சிகாகோத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்து 2013இல் சொந்தமாக ஒரு ஜன்னல் கூட்டுறவு ஆலையைத் தொடங்கினார்கள். கணக்கு அங்கே இருக்கிறது.

மீட்பு நிதி வட்டியோடு திரும்பி வந்தது என்று மாண்டலே நண்பர் எழுதியிருக்கிறார். அரசின் கஜானாவுக்குத் திரும்பியது. ஜப்தியில் போன வீடுகளில் எத்தனை திரும்பின? அந்தக் கணக்கையும் மகனுக்குச் சொல்ல வேண்டும். அம்மாவின் மகன் அப்பாவிடம் கேட்ட கேள்வியைத் தவறாக எண்ண வேண்டாம். கேட்க வேண்டிய வயதில் கேட்டிருக்கிறான். கடையில் யாருக்கு என்ன சம்பளம், நோய் வந்தால் என்ன செய்கிறார்கள், கடை மூடியிருக்கும் நாளில் சம்பளம் உண்டா என்று அப்பா திறந்து சொன்னால், மூர் சொல்வதில் எது தங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று அவனே பிரித்துக்கொள்வான்.

மறுமொழி – யாங்கோன் தாய்

நால்வருக்கும் என் நன்றி. சிரியத்திலிருந்து எழுதியவர் சொன்னதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். 2021இல் வங்கிகளிலிருந்து பணம் எடுக்க முடியாமல், விடியுமுன்பே ஏடிஎம் வாசலில் வரிசை நின்ற நாட்களில் கடையில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் எப்படிச் சம்பளம் கொடுத்தார் என்பதை, எனக்கே தெரியாத விவரங்களோடு அப்போதுதான் சொன்னார். அதை மகனிடமும் சொல்வதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வரிசையில் என் மகன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். வங்கி என்ற பெயர் வந்தாலே அவனுக்கு அந்த நினைவுதான் வரும். ஆகவே படத்தில் வங்கிகள்மீது வரும் கோபத்தை அவன் ஆராயாமலே ஏற்றுக்கொள்வான் என்பது என் பயம். அங்கே வங்கிகளைக் காப்பாற்றப் பொதுப் பணத்தைக் கொட்டினார்கள். இங்கே மக்கள் போட்ட பணத்தையே மக்களால் எடுக்க முடியவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள் என்பதை எப்படி விளக்குவது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். இரண்டு நாட்களாகப் பிரித்துக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம். ஏசு காட்சிக்கு முன்னால் நிறுத்தி, அமெரிக்கக் காப்பீட்டைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன்.

கணக்கர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம். 25 சதவீதக் கணக்கை மகனுக்குச் சொன்னேன். அப்படியானால் நாம் நல்லவர்களா, கெட்டவர்களா என்று கேட்கிறான்.

பதில் – ஓய்வுபெற்ற கணக்கர், மோல்மேன்

அம்மா, அந்தக் கேள்விக்கு என் தகப்பனாரும் பதில் வைத்திருக்கவில்லை. சிரியத்து நண்பர் எழுதியதைப் படித்தபின், ‘நாம்’ என்று எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துச் சொல்ல முடியுமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது; மகனிடம் முதலில் அதையே சொல்லிப் பாருங்கள்.

வங்கிகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் வங்கியின் ஐந்தொகையை வரையுங்கள்: ஒரு பக்கம் மக்கள் போட்ட பணம், மறு பக்கம் வங்கி கொடுத்த கடனும் பெட்டியில் வைத்திருக்கும் ரொக்கமும். அமெரிக்காவில் 2008இல் கெட்டது கடன் இருந்த வரி. கொடுத்த கடன் திரும்பி வராது என்று ஆனதும் தாளின் அந்தப் பக்கமே சுருங்கிவிட்டது. இங்கே மக்கள் வங்கி வாசலுக்கு ஓடியபோது முதலில் வற்றியது ரொக்கம் இருந்த வரி. 2003 பிப்ரவரியிலும் தனியார் வங்கிகளின் வாசலில் இதே கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். கடன் நல்ல கடனாகவே இருந்தாலும், எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. தாளை அவன் கையில் கொடுத்து, எந்த வரி எந்த நாட்டில் கெட்டது என்று அவனையே குறிக்கச் சொல்லுங்கள். படத்தின் இரண்டாம் பாதிக்கு முன்னால் இதைச் செய்துவிடுவது நல்லது. மீட்பு நிதி அங்கேதான் வருகிறது.